மெழுகு ஊற்றிய செய்திப்பெட்டி

சும்மா கொடுத்த ஒரு பொருளுக்காக நான் வாங்கிய திட்டை, காசுக்கு விற்ற எவனும் வாங்கியிருக்க மாட்டான். இத்தனை வருஷம் ஆகியும் நினைத்தால் பற்றிக்கொண்டுதான் வருகிறது. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறுகிற வழியாக இல்லை. சரி, கோபத்தோடேயே எழுதித் தொலைக்கிறேன்.

அறுபதுகளில் நாங்கள் அந்தமானில், போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் குடியிருந்தோம். அப்பா அரசாங்க ஆபீஸில் கிளார்க். நான் படகும் லாஞ்சும் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரீஷியன். அப்போதெல்லாம் செய்தித்தாள் கப்பலில்தான் வரும். மெட்ராஸிலிருந்து கப்பல் வந்தால் பத்துப் பதினைந்து நாள் பேப்பர் ஒரே கட்டாக வந்து இறங்கும். அப்பா அதைப் பிரித்து, தேதி வாரியாக அடுக்கி, தினம் காலையில் ஒன்றே ஒன்றை எடுத்துப் படிப்பார். எங்கள் தெருவில் இன்னும் பல வீடுகளில் இதே வழக்கம்தான். பழைய தேதியாக இருந்தால் என்ன, காபியோடு தினம் ஒரு பேப்பர் வேண்டுமே. அடுத்த கப்பல் வரும்வரை கட்டு தாங்க வேண்டும். நாளைய பேப்பரை இன்றைக்கே யாராவது தொட்டால் வீடு இரண்டாகிவிடும்.

ஓர் ஐப்பசியில் வந்த கப்பலிலிருந்து இறங்கியவர்கள், தஞ்சாவூர்க் கடற்கரைப் பக்கம் புயலாம் என்று கப்பல் கட்டும் ஜெட்டியில் பேசிக்கொண்டார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அம்மாவின் ஊர் அந்தக் கடற்கரையில்தான். அவளுடைய தம்பியும் தங்கையும் அங்கேதான் இருந்தார்கள்.

"ஏங்க, அந்தக் கடைசிப் பேப்பரை மட்டும் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்களேன்" என்று அம்மா கேட்டாள்.

"வரிசையா வரும்போது பார்ப்போம். அதுக்குள்ள என்ன பறக்கிறே? நடுவுல உருவினா தலையும் புரியாது, வாலும் புரியாது" என்றார் அப்பா.

கட்டு அவருடைய மெத்தைக்கு அடியில் இருந்தது. அம்மா தினமும் அந்த மெத்தையை எடுத்து உதறிப் போட்டாள். கட்டைத் தொடவில்லை. கப்பல் சரக்கை இறக்கி, ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. அதற்கப்புறம் ஒரு காலையில்தான் அப்பா சாவகாசமாகக் கடைசிப் பேப்பருக்கு வந்து சேர்ந்தார். உள்பக்கத்தில் நாலே வரி. அதில் அம்மாவின் ஊர்ப் பெயர் இருந்தது.

தந்தி அடித்தோம். அங்கே தந்திக் கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்ததால் பதில் வர நாளாயிற்று. வீடு இடிந்து மாமாவின் மேல் விழுந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரத்துக்கு மேல் உயிரோடு கிடந்து, "அக்கா வந்துட்டாங்களா, அக்கா வந்துட்டாங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அம்மா அடுத்த கப்பலில் போய்ச் சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. முந்தின கப்பலில் ஏறியிருந்தால் தம்பியின் முகத்தைப் பார்த்திருப்பாள்.

அப்பாவை நான் விட்டேனா? கேட்காத கேள்வி இல்லை. அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். அம்மாவோ, திரும்பி வந்த பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அழுது புரண்டிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். வழக்கம்போல மெத்தையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். இனிமேல் ஒரு செய்தி அம்மாவுக்கு லேட்டாக வரக் கூடாது என்று நான் முடிவு செய்தேன். பெட்டி செய்ததெல்லாம் அதற்காகத்தான்.

அந்தக் காலத்து ரேடியோ என்றால் பெரிய பெட்டி, அதற்குக் கரண்ட் வேண்டும். ஆபீஸர் வீடுகளில் இருந்தது. எங்களுக்கு அதெல்லாம் எட்டாது. மெட்ராஸிலிருந்து டிரான்சிஸ்டர்களைக் கப்பலில் வரவழைத்து, மர மில்லில் கழித்துப்போட்ட படாக் மரப் பலகையில் மேஜைமேல் வைக்கிற மாதிரி ஒரு சின்னப் பெட்டி செய்தேன். டார்ச்சுக்குப் போடும் பேட்டரியே போதும். சாயங்காலத் தமிழ்ச் செய்தி வரும் அலைவரிசை ஒன்றை மட்டும் பிடிக்கும். முதலில் செய்தது படுதோல்வி. கம்பிச் சுருளை அட்டைக் குழலில் சுற்றியிருந்தேன். மழைக்கு அட்டை ஊறி உப்பி, தமிழ் வரவேண்டிய இடத்தில் எவனோ பர்மாக்காரன் பேசினான். "உன் செய்தி நல்லாத்தான் இருக்கு, ஒண்ணும் புரியலை" என்று அப்பா நக்கலடித்தார். பேனா மூடியில் சுற்றிப் பார்த்த பிறகுதான் தமிழ் ஓடாமல் ஒரே இடத்தில் நின்றது.

இன்னொரு சங்கடம் மட்டும் எந்தப் பெட்டிக்கும் உண்டு. ரேடியோ நிலையத்தில் பருவத்துக்குப் பருவம் அலைவரிசையை மாற்றுவார்கள். ஐப்பசி வாக்கில் கட்டாயம் மாறும். அப்போது பின்பக்கம் இருக்கும் குட்டித் திருகு ஒன்றை மூங்கில் குச்சியால் லேசாகத் திருப்பித் தேட வேண்டும். இரும்பு பக்கத்தில் வந்தாலே ஸ்டேஷன் ஓடிவிடும். கை கொஞ்சம் நிதானமாக இருந்தால் யாரும் செய்யலாம்.

பெட்டி அம்மாவுக்குப் பேச ஆரம்பித்ததும், இது எல்லார் வீட்டிலும் இருக்கட்டுமே என்று தோன்றியது. கார்பன் பேப்பர் வைத்துப் படம் வரைந்து, எந்தச் சாமான் எங்கே என்று தமிழில் எழுதி, பஜாரில் ஒரு டீக்கடையில் ஆணியடித்துக் குத்தி வைத்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், செய்யலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். நிபந்தனை ஒன்றுதான். பின்பக்கத்தை அடைக்கக் கூடாது, உள்ளே அந்தப் படத்தை ஒட்டியிருக்க வேண்டும். உன் பெட்டியைப் பார்த்து அடுத்தவன் செய்துகொள்ள வேண்டும், கெட்டால் நீயே சரிசெய்துகொள்ள வேண்டும் என்று படத்துக்குக் கீழேயே எழுதியிருந்தேன்.

படம் போன வேகம் எனக்கே ஆச்சரியம். புகார் வந்த வேகம் அதைவிட அதிகம்! "தம்பி, பாட்டு வராதா?" "சத்தம் பத்தலை." "எம் பொஞ்சாதி கேக்கும்போது மட்டும் கொர்ருங்குது, என்னான்னு பாரு." பைசா வாங்காமல் கொடுத்தவனை வீட்டு வாசலில் நிறுத்திவைத்து வேலைக்காரனைக் கேட்பதுபோல் கேட்டார்கள். அட போங்கய்யா என்று எத்தனையோ நாள் கதவைச் சாத்தியிருக்கிறேன். நல்லதும் நடந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஊருக்கு வெளியே கராச்சர்மாவில் மரவேலை செய்த பெங்காலிக்காரர் ஒருவர் சுருளைக் குறைத்துச் சுற்றி வங்காளச் செய்தியைப் பிடித்துவிட்டார். தன் படத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "பையா, யே பி டாங்க் தோ", இதையும் மாட்டிவிடு என்றார். அதையும் டீக்கடையில் மாட்டினேன். அன்றைக்கு மட்டும் இந்த வேலைக்கு அர்த்தம் இருந்த மாதிரி இருந்தது.

அப்புறம் வந்து சேர்ந்தார் மரக் கான்ட்ராக்டர். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், சுற்றி வளைத்தால் எனக்கு மாமா முறை. டீக்கடையிலிருந்து படத்தை எடுத்துப்போய், ஆள் வைத்துப் பெட்டி செய்தார். வார்னிஷ் போட்டு, முன்னால் பித்தளைத் தகட்டில் தன் பெயரைப் பொறித்தார். விற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. விற்கலாம் என்று நான்தானே எழுதினேன்? ஆனால் அந்த மனுஷன் டிரான்சிஸ்டர்களின் மேல் இருந்த நம்பரையெல்லாம் உப்புக் காகிதத்தால் தேய்த்து அழித்துவிட்டு, உள்ளே முழுக்க மெழுகை உருக்கி ஊற்றிப் பின்பலகையை அடைத்திருந்தார். திருகு, சுருள், என் படம், எதுவும் கண்ணில் படாது. ஒன்றைத் திறந்து பார்த்துத்தான் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

நேராக அவர் டிப்போவுக்குப் போனேன்.

"மாமா, விக்கிறது உங்க இஷ்டம். மெழுகை ஏன் ஊத்துனீங்க?"

"அரே, காத்துப் படாம இருக்கட்டும்னுதாண்டா. உப்புக்காத்து."

"திருகை எப்படித் திருப்புறது? ஐப்பசி வந்தா ஊமையாப் போயிடுமே!"

"போனா கொண்டாரட்டும், சரிபண்ணித் தருவோம். எல்லாத்தையும் தொறந்து போட்டா நாளைக்கு எவன் நம்மகிட்ட வருவான்? நீ சின்னப் பையன், உனக்கு வியாபாரம் தெரியலை. பைட்டோ, உக்காரு, சாய் சாப்பிடு."

டீயை அங்கேயே கவிழ்த்துவிட்டு வந்தேன். ஜெட்டி வரைக்கும் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஊரில் ஒரு பயல் என் பக்கம் பேசவில்லை. "அவரு பாலிஷ் போட்டுத் தராரு, நீ வெறும் காகிதத்தைத் தர்றே" என்றார்கள். நல்லா இருக்கு நியாயம்!

அதைவிடக் கொடுமை வீட்டில் காத்திருந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், மேஜைமேல் பித்தளைத் தகடு மின்னுகிறது. அப்பா கான்ட்ராக்டரின் பெட்டியை வாங்கி வைத்திருந்தார். நான் செய்த பெட்டியை அந்தப் பெங்காலிக்காரரிடமே தூக்கிக் கொடுத்துவிட்டாராம்.

"நாலு பேர் வந்து போற வீடு. உன் பெட்டி மீன்பெட்டி மாதிரி இருக்கு" என்றார்.

அம்மா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அன்று இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்தியது நான்தான்.

ஐப்பசி வந்தது. ஊரில் மெழுகு ஊற்றிய பெட்டி அத்தனையும் ஊமையானது. கான்ட்ராக்டர் மரம் எடுக்க வடக்கே வெகுதூரத்தில் மாயாபந்தர் பக்கம் போய்விட்டார். ஆகவே எல்லாரும் யார் வாசலுக்கு வந்தார்கள்? என் வாசலுக்கு. "உன் படத்தைப் பார்த்துத்தானே செஞ்சாரு!" என்று என்னையே பிடித்து உலுக்கினார்கள். எங்கள் வீட்டுப் பெட்டியும் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. நான் உளியை எடுத்தால் அப்பா குறுக்கே வந்து நிற்பார். "காசு கொடுத்து வாங்கினது. கை வைக்காதே. அவரே வந்து பார்ப்பார்."

அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் பெங்காலிக்காரர் கராச்சர்மாவிலிருந்து வந்தார். அந்தப் பக்கத்துத் தமிழர்கள் நேற்று என் பழைய பெட்டியில் திருகைத் திருப்பிச் செய்தி கேட்டார்களாம். "பையா, தூஃபான் ஆயா. மதராஸ் கே நீச்சே, சமுந்தர் கினாரே" என்றார், மெட்ராஸுக்குக் கீழே கடற்கரையில் புயல் அடித்ததாம். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது அங்கே மிச்சம் இருந்தது தங்கை மட்டும்தான். ஜெட்டியில் கப்பல் நின்றது, மறுநாள் கிளம்புகிறது. தமிழ்ச் செய்தி தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கராச்சர்மாவுக்கு ஓடினாலும் போய்ச் சேர முடியாது.

நான் உளியை எடுத்தேன். அப்பா வந்து நின்றார். "இப்பவாவது நகருங்க" என்று நான் கத்த, "ஒரு நாள்ல என்ன குடி முழுகிப் போகுது" என்று அவர் கத்த, பெங்காலிக்காரர் நடுவில் தவித்தார். கத்திக்கொண்டிருந்த நாங்கள் அம்மா அடுப்படிக்குப் போனதைக் கவனிக்கவில்லை. தோசைத் திருப்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் இரண்டு பேரையும் முழங்கையால் தள்ளினாள். பின்பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திருப்பியை மெழுகுக்குள் சொருகினாள். மெழுகு உருகி மேஜையெல்லாம் ஓடியது. அப்பா, "அடியேய்" என்றார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருகு தெரிந்ததும் என் பக்கம் கையை நீட்டினாள். நான் மூங்கில் குச்சியைக் கொடுத்தேன். நான் திருப்புகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

இரைச்சல், யாரோ பாடுவது, மறுபடி இரைச்சல், அப்புறம் தமிழ். செய்தியின் பாதியில் வந்து விழுந்தோம். வெள்ளம் சூழ்ந்து துண்டிக்கப்பட்ட ஊர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக அம்மாவின் ஊர்.

அம்மா குச்சியைக் கீழே வைத்தாள். "நாளைக்குக் கப்பல்ல நான் போறேன்."

"இரு, பேப்பர் வரட்டும். என்ன ஏதுன்னு முழுசாத் தெரிஞ்சுக்கிட்டு..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"நீங்க வரிசையாப் படிங்க. நான் என் தங்கச்சியைப் பாக்கப் போறேன்."

தன் தம்பி இறந்ததற்கு அவள் அப்பாவிடம் சொன்ன பதில் அவ்வளவுதான். இத்தனை நாள் கழித்துச் சொன்னாள்.

மறுநாள் கப்பலேற்றிவிட்டு வந்தேன். சித்தி ஒரு பள்ளிக்கூட மாடியில், காய்ச்சலோடு, உயிரோடு இருந்தாள். அம்மா போய்ச் சேர்ந்து அவளுக்குக் கஞ்சி கொடுத்ததாகத் தந்தி வந்தது. அப்பா அந்தத் தந்தியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

அடுத்த கப்பலில் பேப்பர் கட்டு வந்தது. அப்பா பிரித்தார், தேதி வாரியாக அடுக்கினார், முதல் பேப்பரை எடுத்து மூக்குக் கண்ணாடியைப் போட்டார். எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அடுக்கில் தேடி, புயல் அடித்த மறுநாள் பேப்பரை உருவி அவர் மடியில் எறிந்தேன்.

"அம்மா இதைக் கேட்டுட்டுத்தான் போனாங்க. படிங்க."

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, அதைப் பிரித்து, உள்பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரைத் தேட ஆரம்பித்தார்.