லஸ்கர் அண்ணனுக்கு ஒன்று

ஒரு சுற்றுக்கு ஒரு பேர். சட்ரஸ் பலகையைத் தூக்கும் இரும்புத் திருகில் கைப்பிடியை மாட்டி, உடம்பைச் சற்றுச் சாய்த்து, சற்குணம் சுற்றிக்கொண்டிருக்கிறார். "நடராசன்... நடராசன் சம்சாரம்... மேலத்தெரு காளியம்மாள்... கவிப்ரியா..." முப்பத்தெட்டுச் சுற்றில் ஒரு பலகை முழுசாக ஏறும். ஆக, ஒரு பலகைக்கு முப்பத்தெட்டுப் பேர். தங்கள் பேர் தினமும் காலை ஆறரை மணிக்கு ஆற்றங்கரையில் ஜெபத்தில் சொல்லப்படுவது அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நடராசன் மட்டும், "என் பேருக்கு இன்னும் ரெண்டு சுத்து சேத்துச் சுத்துங்க லஸ்கர், வயக்காடு காயுது" என்பார்.

மதகைத் திறந்து மூடும் அரசு ஊழியருக்கு எங்கள் பக்கத்தில் லஸ்கர் என்று பெயர். வாய்க்கால் பிரியும் இடத்தில் இருக்கும் மதகு வரிசைதான் சட்ரஸ். நன்னிலத்துக்குப் பக்கத்தில், ஐந்து கண் வைத்த இந்தச் சட்ரஸில் சற்குணம் இருபத்தாறு வருடமாக இருக்கிறார். ஒல்லி, நல்ல உயரம், காக்கி அரைக்கால் சட்டை. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அங்கே நைலான் நூல். மேலே இருந்து வாட்ஸப்பில் அளவு வந்தாலும், தண்ணீரில் நட்டிருக்கும் அளவுகோலை நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் நம்புவார். "நாளைக்குத் தண்ணி வருமா?" என்று கேட்டால் "வரும்" என்று அவர் வாயிலிருந்து வராது. "வந்தா சொல்றேன்" என்பார். இத்தனை வருடத்தில் அவர் கொடுத்த வாக்கு என்று ஒன்று கிடையாது. அதனால் பொய்யும் கிடையாது. முறையைத் தாண்டித் தண்ணீர் கேட்ட ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசியபோது, கைப்பிடியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "திட்டி முடிச்சதும் சொல்லுங்க, நான் போயி சாப்பிடணும்" என்று நின்றவர்.

தபால் ஆபீசுக்குப் போகும் வழியில் நான் தினமும் அங்கே வண்டியை நிறுத்துவேன். நான் கும்பிடுகிற சாமி வேறு. இருந்தாலும் நாலாவது கண்ணில் எங்கேயோ என் பேரும் வருகிறது என்று தெரிந்ததிலிருந்து, அந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போக மனம் வருவதில்லை. போன ஆவணியில், தண்ணீர் வந்து பலகை தூக்க ஆரம்பித்த புதிதில், ஒருநாள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் ஒவ்வொரு பேருக்கும் பின்னால் ஒரு வேண்டுதல் வரும். "காளியம்மாளுக்கு முட்டிவலி கொறயணும் ஆண்டவரே" என்கிற மாதிரி. அன்று பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல வெறும் பேர்கள்தான் வந்தன. என்ன விஷயம் என்று கேட்டேன்.

"பேரு வருது. அதுக்கு மேல ஒண்ணும் வரலீங்க. முன்ன பேசினா அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது தெரியும். இப்ப தெரியல."

"வீட்டுல ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணுமே நடக்கலீங்க. நடந்திருந்தாலாவது அது மேல பழியைப் போட்டுட்டுப் போயிடலாம்."

ஒன்றும் நடக்கவில்லை என்றால் யார் நம்புகிறார்கள்? அவர் மனைவி தங்கபுஷ்பம் சர்க்கரையாக இருக்கும் என்று திருவாரூருக்கு அழைத்துப் போய் ரத்தம் கொடுக்க வைத்தார். சர்க்கரை இல்லை. ஊர்ச் சபையை அன்றாடம் கவனித்துக்கொள்ளும் உபதேசியார், "ஏதாவது பாவத்தை மறைச்சு வச்சிருக்கீங்களான்னு யோசிச்சுப் பாருங்க" என்றார். சற்குணம் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்து இரண்டு பாவங்களைக் கண்டுபிடித்தார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் மைத்துனர் வயல் காய்கிறதே என்று ஒரு பலகையை அரைச் சுற்று அதிகம் திறந்தது ஒன்று. கூத்தாநல்லூரில் கடை வைத்திருக்கும் முகம்மது யூசுப்பிடம் வாங்கிய சைக்கிள் பம்பைத் திருப்பிக் கொடுக்காதது மற்றொன்று. அரைச் சுற்றில் தண்ணீர் குறைந்த விவசாயியைத் தேடிப்போய்ச் சொன்னார். அந்த மனிதர் மறந்தே போயிருந்த விஷயத்துக்குப் புதிதாகக் கோபப்பட்டார். பம்பை வாங்கிக்கொண்ட யூசுப், "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

"ரெண்டையும் தீத்துட்டேன். அப்பவும் ஆளைக் காணோம்" என்றார் என்னிடம்.

உபதேசியார் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரை மனதில் வைத்தே பிரசங்கம் செய்தார். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வர நாளாகும், ஆண்டவரின் அன்பும் அப்படித்தான், வழியில் வந்துகொண்டிருக்கிறது என்றார். எனக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. சற்குணம் வாசலில் அவரை நிறுத்தி, "ஐயா, தெறந்தும் கடைமடைக்கு வந்து சேராத வருசத்தை நான் பாத்திருக்கேன். தண்ணி விஷயத்தை மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டார். தொழில் தெரிந்தவனுக்கு அதிலேயே ஆறுதல் சொல்லப் போனால் இப்படித்தான் ஆகும்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அவர்கள் கோயிலில் நற்கருணை; இயேசுவின் நினைவாகப் போதகர் ஆளுக்கொரு சின்ன அப்பமும் துளி திராட்சை ரசமும் கொடுப்பார். அதில் பங்கெடுக்கிறவர்கள் முதல்நாள் சனிக்கிழமையே போய்ப் பேர் கொடுக்க வேண்டும். உபதேசியார் நோட்டில் எழுதுவார், அந்த எண்ணிக்கைக்கு அப்பம் எடுத்து வைப்பார்கள். போன வருடம் பிப்ரவரியிலிருந்து சற்குணம் பேர் கொடுக்கவில்லை. கோயிலுக்குப் போவார், மின்விசிறியைச் சரிசெய்வார், பாய் விரிப்பார். எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது இவர் மட்டும் தூணோரம் உட்கார்ந்திருப்பார். "ஆண்டவருக்கு எம்மேல பிரியம் இருக்கான்னே தெரியல. தெரியாம போயி முட்டி போட்டா அது பொய்தானே?" என்பது அவர் கட்சி. பொய் சொல்லாத மனிதருக்கு அதுவே வினையாகிவிட்டது.

தங்கபுஷ்பம் ஒருநாள் என்னிடம் கண்கலங்கினார். "இவங்கப்பாவும் இப்படித்தான் மொதல்ல ஒக்காந்தாரு. ஒரு வருசம் ஆச்சு, கூச்சம் வந்திடுச்சு. அப்புறம் சாவுற வரைக்கும் கோயில் படியே மிதிக்கலீங்க. இவருக்கு வர்ற அறுப்புப் பண்டிகையோட வருசம் ஆயிடும்."

அறுப்புப் பண்டிகை ஜனவரி கடைசியில் வந்தது. சம்பா அறுத்த கையோடு நெல்லும் கரும்பும் பூசணியும் கொண்டுபோய்க் கோயிலில் படைப்பார்கள். அதற்கு முதல்நாள், சனிக்கிழமை சாயங்காலம் நடந்ததை எனக்குச் சொன்னவர் ரெத்தினம். கோயிலைக் கூட்டிப் பெருக்கி, மணியடித்து, அப்பம் எடுத்து வைக்கிற அம்மாள். நாற்பது வயது, சத்தமாகப் பேசுவார். சற்குணம் அப்போது ஏணியில் நின்று தூணில் கரும்பு கட்டிக்கொண்டிருந்தாராம்.

நாலு ஊர்ச் சபைகளுக்கு ஒரே போதகர். இங்கே அவரை 'ஐயரே' என்றுதான் கூப்பிடுவார்கள். மாதாமாதம் ஒரு அப்பம் மிஞ்சுகிறது, மிஞ்சியதை அவரே உட்கொள்ள வேண்டும் என்பது முறை. இந்தத் தடவை முன்கூட்டியே எண்ணிவிடுவது என்று வந்தவர், தட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ரெத்தினம், நாப்பத்தொரு பேரு குடுத்திருக்காங்க. நீ நாப்பத்திரெண்டு வச்சிருக்க. எண்ணத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் ஐயரே. நாப்பத்தொண்ணு பேரு குடுத்தவங்களுக்கு. ஒண்ணு லஸ்கர் அண்ணனுக்கு."

"அவருதான் பேரே குடுக்கலியே."

"குடுக்கலேன்னா? இது என்ன ரேஷன் கடையா? அவரு வரமாட்டாருன்னு நான் எடுத்துட்டு, அன்னிக்குன்னு பாத்து அவரு எந்திரிச்சு வந்துட்டா என்ன பண்ணுவீங்க? இல்லைன்னு திருப்பி அனுப்புவீங்களா? பதினோரு மாசமா வைக்கிறேன். ஒங்களால திங்க முடியலேன்னா சொல்லுங்க, அதுக்காகக் கொறைக்க மாட்டேன்."

ஏணியில் நின்றவர் கரும்பைக் கட்டி முடித்து, இறங்கி, ஏணியை மடக்கி அதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் வெளியே போனாராம். "ஒரு வார்த்தை பேசலீங்க. நான் பேசினதுல கோவமோன்னு பயந்துட்டேன்" என்றார் ரெத்தினம்.

மறுநாள் நானும் போயிருந்தேன். அறுப்புப் பண்டிகைக்கு ஊரில் எல்லோருமே போவதுதான். வாசலில் சற்குணம் சலவை வேட்டி சட்டையில் நின்றார். பேர் கொடுத்தாயிற்று என்று தங்கபுஷ்பம் கண்ணாலேயே எனக்குச் சொன்னார்.

"இப்ப மனசு பரவாயில்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"அப்படியேதாங்க இருக்கு. காலையில பேசிப் பாத்தேன், அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "ஆனா ஒண்ணு. நான் அந்தத் தூணோரம் ஒக்காந்து, நம்மள மறந்தாச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் பாருங்க, அப்பவெல்லாம் அங்க எனக்கு எடுத்து வச்சிருந்திருக்கு. பதினோரு தடவை. யாரு வச்சாங்கன்னா ரெத்தினந்தான் வச்சுது, அது எனக்குத் தெரியும். ரெத்தினத்துக்கு யாரு சொன்னாங்கன்னுதான் ராத்திரிலேருந்து யோசிக்கிறேன்."

நான் உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் முடிந்து, பேர் கொடுத்தவர்கள் எழுந்தார்கள். பீடத்துக்கு முன்னால் மரக் கிராதி. பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் போய் அதன் ஓரம் மண்டியிடுவார்கள். முதல் வரிசையிலேயே சற்குணம் போனார். வலது கோடியில் கடைசி ஆளாக முட்டி போட்டார்.

போதகர் பெண்கள் பக்கம், இடது கோடியிலிருந்து தொடங்கினார். அவர் முன்னால் வந்து நின்ற பிறகே ஒவ்வொருவரும் கையை ஏந்துவது வழக்கம். சற்குணம் மட்டும் முட்டி போட்ட உடனேயே இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்திவிட்டார். அவரிடம் வருவதற்கு முன் போதகர் இன்னும் பதினோரு பேருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏந்திய கை இறங்கவில்லை.