இடந்தலைக்கு ஒரு பெட்டி

காரைக்குடியில் வங்கி வேலையில் இருந்த சத்தியமூர்த்திக்குப் பாட்டுப் பைத்தியம். வீட்டு ஹாலில் இரண்டு ஹாரன் ஸ்பீக்கர் வைத்திருந்தார். குரல் கணீரென்று கேட்கும். மிருதங்கத்தில் கனத்த நாதம் தரும் இடப்பக்கமான இடந்தலை மட்டும் அட்டையைத் தட்டுவதுபோல் இருக்கும். அகலமான ஸ்பீக்கர் ஒன்றைக் கனத்த மரப்பெட்டிக்குள் அடைத்துச் சேர்த்தால் அடிநாதம் வந்துவிடும் என்று ரேடியோ கடைக்காரர் சொன்னார்.

1973இல் ஒருநாள், மனைவி நீலாயதாட்சி கீழச்சிவல்பட்டிக்குத் தாய்வீடு போயிருந்தாள். அவளுக்குக் கல்யாணச் சீராக வந்த தேக்குப் பெட்டகம் அவர் கண்ணில் பட்டது. சேலைகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கிவிட்டு, ஆசாரியைக் கூப்பிட்டு முகப்பில் வட்டமாக அறுக்கச் சொல்லி ஸ்பீக்கரைப் பொருத்தினார். ரிக்கார்டு போட்டு, இடந்தலை அடி விழுந்ததும் ஹாலே அதிர்ந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்தவள் அறுத்த விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

“எப்படிப் பேசுது பாத்தியா!” என்றார் அவர்.

“நல்லாத்தான் இருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருந்தீகன்னா நானே காலி பண்ணிக் குடுத்திருப்பேன்.”

அதற்குமேல் அவள் சண்டை போடவில்லை. புதுப் பெட்டகம் செய்து தருகிறேன் என்றதற்கும் வேண்டாமென்றுவிட்டாள். ஆனால், அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள், பாட்டு தொடங்கினாலே எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அடிநாதம் சுவர் தாண்டி அங்கேயும் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். பிறகு அவள் வீட்டில் இல்லாதபோது மட்டுமே ரிக்கார்டு போட்டார். அதையும் பாதியிலேயே நிறுத்திவிடுவார்.