விளக்கை அணைத்த பிறகு

கட்டுக்கதை என்று சிரிப்பவர்களிடம் என் வலது மணிக்கட்டைத்தான் நீட்டுவேன். அது இன்றைக்கும் சரியாக மடங்காது. அந்த இரவில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் நாய்க்குப் பதினான்கு வயது. வீட்டில் எல்லோரையும் அதட்டி உருட்டுவதால் 'பெரியவர்' என்று பெயர் வைத்திருந்தோம். "பெரியவர் சாப்பிட்டாரா?", "பெரியவர் கோவமா இருக்காரு, பக்கத்துல போகாதீங்க" என்றுதான் நானும் என் கணவரும் பேசிக்கொள்வோம். பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையும் அவர்தான், மாமனாரும் அவர்தான்.

இந்த மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்த மாதமே அவருக்கு வலிப்பு ஆரம்பித்தது. கால்நடை மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி செய்தோம். வெளிச்சம் பட்டால் வலிப்பு கூடும், உடனே விளக்கை அணைத்துவிட வேண்டும். கடித்துவிடுவார் என்பதால் தலைப்பக்கம் கை போகக்கூடாது. விலகி நின்று மணி பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் பின்பக்கமாக மருந்தைச் செலுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. பகலில் ஒருதடவைகூட வலிப்பு வந்ததில்லை. விளக்கு எரியும்போது அடங்குவது போலவும், அணைத்ததும் வலுப்பது போலவும் தோன்றும். மருத்துவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

ராத்திரி ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டினால்தான் நாயைத் தொடுவார்கள். போன தடவை என் வளையல்கள் போயின. "இன்னொரு தடவைக்கு நம்மகிட்ட ஒண்ணுமில்ல" என்றார் கணவர். "அப்ப சாகட்டும்னு விட்டுரலாமா?" என்று எரிந்து விழுந்தேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் இரவு, 2:40.

தொப்... தொப்...

எழுந்து விளக்கைப் போட்டேன். பெரியவர் கூடத்துத் தரையில் கால்களை உதறிக்கொண்டு கிடந்தார். வாயில் நுரை. அதில் ரத்தம். கணவர் விளக்கை அணைத்தார்.

தொப்... தொப்... தொப்...

2:45. நிற்கவில்லை.

"மருந்தக் குடு. நான் வண்டிய எடுக்குறேன்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் மருந்துக் குழாயுடன் பெரியவரின் பின்பக்கம் மண்டியிட்டேன். சன்னல் வழியாகத் தெருவிளக்கு லேசாக விழுந்தது.

அவருடைய கழுத்தில் இரண்டு கைகள் இருந்தன.

கணவர் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"கழுத்த இறுக்காதீங்க. மூச்சு முட்டும்."



அந்தக் கைகள் பெரியவரின் தலையை மெதுவாக உயர்த்தின... ஓங்கித் தரையில் அடித்தன.

தொப்.

மறுபடியும் உயர்த்தின.

"என்னங்க பண்றீங்க?"

தொப்.

அப்போது கீழே தெருவில் எங்கள் கார் ஹாரன் அடித்தது. ஒருமுறை. இன்னொரு முறை.

மண்டியிட்டபடியே பின்னால் நகர்ந்தேன்.

ஆனால் பெரியவர் முனகினார். அவ்வளவுதான், பயம் போய் வெறி வந்தது. பாய்ந்து அந்தக் கைகளைப் பிடித்து இழுத்தேன். நகத்தால் பிறாண்டினேன். தோளைப் பிடித்துத் தள்ளலாம் என்று மேலே தடவினேன்.

முழங்கைக்கு மேல்... எதுவுமே இல்லை.

அது பெரியவரை விட்டது.

என் மணிக்கட்டைப் பிடித்தது.

மளுக்.

என் நெற்றி தரையில் மோதியது. மீண்டும் மோதியது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. தவழ்ந்தேன். கால் பின்னால் இழுபட்டது. உதைத்தேன். சுவர் கிடைத்தது. இடது கையால் சுவிட்சைத் தட்டினேன்.

வெளிச்சம்.

யாரும் இல்லை.

பெரியவரின் துடிப்பு அந்த நொடியே நின்றுவிட்டது. மணி 2:51.

ஆஸ்பத்திரியில் கணவர் கிரெடிட் கார்டை நீட்டினார். என் கைக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே காத்திருந்தேன். ஊசி போடக் காலில் நரம்பு கிடைக்கவில்லை என்று கழுத்து முடியை வழித்தார்கள். என்னென்னவோ செய்து பார்த்தார்கள். விடிவதற்குள் பெரியவர் போய்விட்டார்.

அதன் பிறகுதான் ராத்திரிப் பணியிலிருந்த டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கணவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத யாரு கழுத்தப் புடிச்சு அடிச்சது?"

வழித்த கழுத்தில் பத்து விரல்களும் தனித்தனியாகப் பதிந்திருந்தன. கணவர் தன் கைகளை அவரிடம் நீட்டினார். டாக்டரம்மா அவற்றை அந்தத் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தார். என் கணவரின் விரல்கள் அதில் பாதி நீளம்தான் இருந்தன.

டாக்டரம்மா விளக்கை இன்னும் கிட்டே இழுத்து, மெல்லிய குரலில் சொன்னார்.

"செவப்பா இருக்கறது இன்னைக்கி பட்டது. இந்தப் பச்சை, போன வாரத்து அடி. அடியில மஞ்சளா இருக்கு பாருங்க, அது அதுக்கும் முன்னாடி. ஸ்கேன்ல மூளை சுத்தமா இருக்கு. இதுக்கு வலிப்பு நோயே கிடையாதுங்க."

ஒவ்வொரு தடவையும் விளக்கை அணைத்தது நாங்கள்தான். அணைத்துவிட்டு, சுவரோரமாக விலகி நின்று, மணி பார்த்துக்கொண்டிருந்தோம்.