இருட்டறைக்குள் நின்றவள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். யாரையும் நம்பவைப்பதற்காக நான் இதை எழுதவில்லை. என் வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் கேட்டால் அவர்களும் இதையேதான் சொல்வார்கள். இப்படிப்பட்டதெல்லாம் நடுச்சாமத்தில்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் இரண்டு மணிக்கு.

என் பெயர் லோஜினி. ஹட்டன் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் ஆறேழு வருஷம் வேலை செய்தேன். மகள் தருணிகா பிறந்ததும் விட்டுவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் விஜேந்திரனுக்குக் கொத்மலைப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீசியன் வேலை கிடைத்தது. அந்தத் தோட்டத்தில் காலி வீடு எதுவும் இல்லை.

"பழைய பிள்ளைக் காம்பரா ஒன்னு சும்மா கெடக்கு. திருத்திக்கிட்டு இருங்க" என்றார்கள்.

கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. புதியது வேறிடத்தில் கட்டிவிட்டதால் இது பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. ஒரு நீள அறை, அதை ஒட்டி ஒரு சின்ன அறை. இரண்டுக்கும் ஜன்னல் ரோட்டுப் பக்கம். பின்சுவர் மட்டும் பிற்காலத்தில் கட்டியதுபோல, மலையோடு ஒட்டியிருந்தது. வெள்ளையடித்துக் குடிபோனோம்.

பகல் முழுக்க நானும் பிள்ளையும் மட்டும்தான். கை சும்மா இருக்கவில்லை. ஸ்டூடியோவை விட்டு வரும்போது, மூலையில் கிடந்த பழைய போட்டோத் தாள் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அவற்றை வைத்து நானே ஒரு கேமரா செய்யலாம் என்று தோன்றியது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பால்மா டின். உள்ளே கறுப்புப் பெயின்ட். பக்கத்தில் ஊசியால் ஒரு ஓட்டை. ஓட்டைக்கு எதிரே தாளை வைத்து மூடிவிட்டால் கேமரா தயார். படம் கழுவ மருந்துகூட வீட்டிலேயே செய்தேன். கடுஞ்சாயத் தேத்தண்ணி, சலவைச் சோடா, விட்டமின் சி மாத்திரை. சிரிக்காதீர்கள், உண்மையிலேயே படம் வரும். படம் நிலைக்கப் போடும் மருந்து மட்டும் ஸ்டூடியோவில் மிஞ்சியது இருந்தது.

இந்த டின் கேமராவில் ஒரு படம் பதியப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும். அதற்குள் நடந்துபோகிறவர்கள், ஓடுகிற வாகனங்கள் எதுவும் படத்தில் விழாது. அசையாமல் இருப்பது மட்டும்தான் பதியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படம் எங்கள் வீட்டையே எடுத்தேன். ரோட்டோரக் கல்லில் டின்னை வைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வீட்டுப் பக்கம் ஒரு ஆள்கூடப் போகவில்லை.

கழுவிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருந்தது. போனில் படம் பிடித்து நிறத்தைத் திருப்பிப் போட்டேன். வீடு, கூரைத் தகரம், ஜன்னல் எல்லாம் நன்றாக வந்திருந்தன.

சின்ன அறை ஜன்னலுக்கு உள்ளே ஒரு பெண் நின்றிருந்தாள்.

கலங்கலாக இல்லை. ஜன்னல் கம்பி எவ்வளவு தெளிவோ, அவளும் அவ்வளவு தெளிவு.

வேலை முடிந்து வந்தவரிடம் காட்டினேன். அவர் சிரித்தார்.

"பழைய தாளு லோஜி. ஸ்டூடியோவுல எவரோ ஏற்கனவே எடுத்துட்டு உள்ளயே வச்சிருப்பாங்க. அது மேலயே நீயும் எடுத்துருக்க."

அப்படி நடப்பதுண்டு. வேறு பெட்டியைப் பிரித்து மறுபடி எடுத்தேன். ஜன்னலில் யாரும் இல்லை. மனசு லேசானது.

அதற்கடுத்த வாரம் அந்தச் சின்ன அறையையே ஒரு கேமராவாக்க ஆசைப்பட்டேன். டின்னுக்குப் பதிலாக அறை. அவ்வளவுதான் வித்தியாசம். தேயிலைக் கன்று வளர்க்கும் மேட்டில் போடுகிற கறுப்புப் பொலித்தீனை ஜன்னலில் இரண்டு மடிப்பாக ஒட்டினேன். நடுவில் சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு ஒரு ஓட்டை. வெளியே இருக்கும் ரோடும் மலையும் வானமும் அந்த ஓட்டை வழியாக வந்து எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். சுவரில் தாள்களை ஒட்டிவைத்தால் பெரிய படம் கிடைக்கும்.

அன்றைக்கு மழை இல்லை. லேசான மூட்டம். தருணிகாவுக்குப் பால் கொடுத்து, நீள அறையில் சேலைத் தொட்டிலில் போட்டேன். ஏழு மாதக் குழந்தை. படுத்தால் ஒன்றரை மணி நேரம் எழும்பமாட்டாள். வாசல் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். சின்ன அறைக்குள் போனேன். கதவிடுக்கில் வெளிச்சம் வராமல் இருக்கச் சுற்றிலும் கறுப்பு டேப்பை ஒட்டினேன். சிவப்பு லைட்டில் ஆறு தாள்களைச் சுவரில் குத்தினேன். லைட்டை அணைத்தேன். ஓட்டையைத் திறந்தேன்.

மணி இரண்டு. நாற்பது நிமிஷம் அப்படியே விடவேண்டும்.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கண் பழகப் பழகச் சுவரில் படம் துலங்கியது. கீழே வானம். அதற்கு மேல் தலைகீழாகத் தொங்குகிற தேயிலை மலை. எல்லாவற்றுக்கும் மேலே ரோடு ஒரு வெள்ளைக் கோடாக ஓடியது. அவ்வளவு அழகு. ஒரு மூலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது தொட்டில் ஆடும் சத்தம் கேட்டது.

கிரீச்... கிரீச்...

பிள்ளை புரண்டு படுத்திருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் சத்தம் நிற்கவில்லை. ஒரே சீராக வந்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுவதுபோல.

"என்னாங்க, வந்துட்டீங்களா?"

கிரீச்... கிரீச்...

அவராகத்தான் இருக்கும். இன்றைக்கு நேரத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். படம் கெட்டுவிடும் என்று நான் எழும்பவில்லை. தாழ்ப்பாள் போட்டது அந்த நிமிஷம் எனக்கு ஞாபகமே வரவில்லை.

சுவரைப் பார்த்தேன். தலைகீழ் ரோட்டில் ஒரு ஆள் நடந்து வந்துகொண்டிருந்தார். நீலச் சட்டை. தோளில் டூல்ஸ் பை.

என் வீட்டுக்காரர்.

அவர் வெளியே இருக்கிறார். இப்போதுதான் வளைவு திரும்புகிறார்.

கிரீச்... கிரீச்...

எழும்ப நினைத்தேன், முடியவில்லை.

சத்தம் சட்டென்று நின்றது.

அப்போதுதான் சுவரில் அதைக் கவனித்தேன். ரோடு நேராக ஓடவில்லை. ஒரு இடத்தில் வளைந்தது. சுவர் நேராகத்தான் இருக்கிறது. படம் மட்டும் அந்த இடத்தில் புடைத்திருந்தது. மலை ஒரு தோளின் மேல் விழுந்து வழிந்தது. வானம் ஒரு சேலையின் மடிப்பில் நெளிந்தது.

படம் சுவரில் விழவில்லை.

சுவருக்கு முன்னால் நின்றிருந்த ஒருத்தியின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

அசைவே இல்லை.

மூச்சுச் சத்தமும் இல்லை.

பிறகு... அந்த இடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ங்கா..."

என் பிள்ளையின் குரல்.

"தருணிகா!"

கத்திக்கொண்டே ஜன்னலில் பாய்ந்தேன். பொலித்தீனை இரண்டு கையாலும் கிழித்தேன். வெளிச்சம் குபீரென்று உள்ளே வந்தது. திரும்பினேன்.

யாரும் இல்லை.

சுவரடியில், தரையில், தருணிகா படுத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கதவைப் பார்த்தேன். நான் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. ஒரு இடத்தில்கூடப் பிரியவில்லை.

வாசலில் அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

*

அன்றைக்கே கிளம்பிவிட்டோம். பட்டிப்பொலவில் என் மாமியார் மீனம்மா தனியாக இருந்தார். அவருடைய வீட்டுக்குப் போனோம். வீடு ஈரம், பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னோம். கொத்மலைப் பக்கம் இருக்கிறோம் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. தோட்டத்தின் பேரைச் சொல்லியும் அவருக்குப் புரிந்திருக்கவில்லை. நாங்கள் சொன்னது கம்பெனிக்காரர்கள் வைத்த பேர், தோட்டத்து ஆட்கள் சொல்லும் பேர் வேறு.

என் வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தார். அடுத்த நாள் ஒரு லொறி பிடித்துச் சாமான்களை எடுத்துவரப் போனார். நான் போகவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

"பகல்லதான போறேன். கூட ரெண்டு பேரு வர்றாங்க."

எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஓடிவந்த அவசரத்திலும் அந்த ஆறு தாள்களை அவர்தான் சுவரிலிருந்து உருவிப் பெட்டிக்குள் போட்டு, மருந்துப் போத்தலையும் பையில் வைத்திருந்தார். வெளிச்சம் பட்டிருக்கிறது, கெட்டுத்தான் போயிருக்கும். இருந்தாலும் குளியலறையை இருட்டாக்கிக் கழுவினேன்.

நான்கு தாள் முழுக் கறுப்பு.

இரண்டில் மட்டும் கறுப்புக்கு நடுவே வெளிறிய ஒரு உருவம் இருந்தது. வெளிச்சம் படாத இடம்தான் தாளில் வெளிறி நிற்கும். நான் பொலித்தீனைக் கிழித்த பிறகும் அங்கே மட்டும் வெளிச்சம் படவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்தேன். ஒரு பெண்ணின் தலை, தோள், இடுப்பு. அவள் இடையில் வந்து நின்றிருந்தால் ஓரங்கள் கலைந்திருக்கும். ஓரங்கள் கத்தரித்ததுபோல இருந்தன. நான் ஓட்டையைத் திறந்த நிமிஷத்திலிருந்தே அவள் அங்கே நின்றிருக்கிறாள். கையில் என் பிள்ளையோடு.

அப்படியென்றால் ஆடிக்கொண்டிருந்தது வெறும் தொட்டில்.

இன்னொன்றும் இருந்தது. அவளுடைய கைகள். பிள்ளையைச் சுற்றியிருந்த இரண்டு கைகளும் முழங்கையில் மடங்கவில்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் மடங்கியிருந்தன.

சாயங்காலம் லொறி வந்து சேர்ந்தது. அவர் நல்லபடியாகத்தான் வந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அத்தை தேத்தண்ணி கொடுத்தார். குடித்துக்கொண்டே அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"பூட்டிட்டுக் கெளம்புறப்ப, பைப்படியில ஒரு அம்மா நின்னாங்க. என்னயப் பாத்து 'பழனியாண்டி, பழனியாண்டி'ன்னு கூப்புட்டாங்க. யாரயோ நெனச்சுக்கிட்டுக் கூப்புடுறாங்கபோல."

அத்தையின் கையிலிருந்த கோப்பை சாய்ந்து தேத்தண்ணி கொட்டியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"தம்பி... எந்தத் தோட்டம்ப்பா அது?"

அவர் இடத்தைச் சொன்னார். ஆறு, பாலம், மலையோடு ஒட்டின பழைய பிள்ளைக் காம்பரா.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பழனியாண்டிங்கறது நீதான். நீ பொறந்தப்ப வச்ச பேரு. பொறவு மாத்திட்டோம்."

நாங்கள் இரண்டு பேரும் அவரையே பார்த்தோம்.

"ஒனக்கு அப்ப எட்டு மாசம். நான் ஒனக்குப் பால் குடுத்துட்டு அப்பதான் மலைக்கு ஏறுனேன். அடை மழை. பிள்ளைக் காம்பரா மேல மண்ணு சரிஞ்சிருச்சு. வேலாயின்னு ஒரு ஆயா... பெரிய பிள்ளைகளயெல்லாம் ஜன்னல் வழியா வெளியில தள்ளிவிட்டிருச்சு. கடைசியா ஒன்னயத் தூக்கப் போனப்பதான் பின்செவரு விழுந்துச்சு."

"அப்புறம்?" என்றேன்.

"மக்யா நாளு விடிஞ்சுதான் தோண்டி எடுத்தாங்க. ஆயா செத்து வெறச்சுப் போயிருந்துச்சு. இவன் அது கையில உசுரோட இருந்தான்." அத்தை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். "அது பிள்ளைய விடல. எத்தன பேரு இழுத்தும் விடல. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். கடைசியில ரெண்டு கையயும் ஒடச்சுத்தான் ஒன்ன எடுத்தாங்க."

நான் கழுவிய தாள்களை அத்தை பார்த்திருக்கவில்லை. அவை குளியலறைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

அத்தைதான் முதலில் நிமிர்ந்தார்.

"அது கூப்புட்டப்ப... நீ ஏதாச்சும் பதில் சொன்னியா தம்பி?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அலமாரி லொறியில ஏறல. திரும்பிப் போகணுமேங்கற நெனப்புல..." அவர் என்னைப் பார்த்தார். "இன்னொரு நாளைக்கு வர்றேன்மான்னு சொல்லிட்டேன்."

அந்த அலமாரி இன்னும் அங்கேதான் இருக்கிறது. வேலையையும் விட்டுவிட்டார். அந்தப் பக்கமே போவதில்லை.

ஆனால் வருகிறேன் என்று அவளிடம் சொன்னவர், எந்த நாள் என்று சொல்லவில்லை.