ஒரே குழி மண்

வன அலுவலகத்தில் அவருக்கு மண்ணுக்காரர் என்று பெயர். காட்டில் பல இடங்களில் குழி தோண்டி, மண் எடுத்து, பையில் கட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது வேலை. மனிதர் தோண்டியதென்னவோ ஒரே குழிதான். அதுவும் ஜீப் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், நிழலில்.

காடு அங்கே இரண்டு விதம். அடிவாரத்தில் ஈரம் பிடித்துவைக்கிற செம்மண். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், அவ்வளவு உயர மரங்கள். மேட்டில் வெறும் வெள்ளை மணல். பெய்கிற மழை சத்தையும் கரைத்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். தடித்த சிறு இலை விடுகிற குட்டை மரங்கள்தான் தாக்குப்பிடிக்கும். மண்ணுக்காரருக்கு மேடு ஏற மூச்சு வாங்கும். "ரெண்டு எடத்துலயும் ஒரே மழைதானே. மண்ணு மட்டும் வேறயாவா இருக்கப்போகுது" என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, எல்லாப் பைகளிலும் செம்மண்ணை அள்ளி, பாதிப் பைகளில் ‘மேடு’ என்று சீட்டு ஒட்டினார். அன்றைய மதியத் தூக்கமும் கெடவில்லை. இந்த மகானை என்னவென்று சொல்வது.

சீட்டை நம்பிய அலுவலகம் குட்டைக் காட்டை வழித்தெடுத்துவிட்டு நெட்டை மரக் கன்றுகளை நட்டது. நட்டவர்கள் வெள்ளை மணலைப் பார்க்கத்தான் செய்தார்கள். ஆய்வுக்கூடமே நல்ல மண் என்று சொன்ன பிறகு சொந்தக் கண்ணை நம்ப எவருக்குத் துணிச்சல் வரும்? ஒரே கோடையில் அத்தனை கன்றும் சருகாயிற்று. இருந்த காடும் போனதுதான் மிச்சம்.

விசாரிக்க மேலதிகாரி வந்தார். வேலை போய்விடும் என்றதும் மண்ணுக்காரர் அதிகாரியை வீட்டுக்கே கூட்டிவந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மனைவியை டீ போடச் சொன்னார்.

"நான் வெள்ளை மணலத்தான் அள்ளினேன் சார். ஆய்வுக்கூடத்துல எவனோ பையை மாத்திட்டான். அந்த மேட்டுல ஏறி எறங்கியே என் முட்டி தேஞ்சுபோச்சு. வேணும்னா இவளக் கேளுங்க."

புருஷனுக்குப் பரிந்து பேசத்தான் அவள் வாயைத் திறந்தாள், பாவம்.

"ஆமா சார், ரொம்பக் கஷ்டப்பட்டார். இவர் பேன்ட்டத் தொவைச்சே என் கையும் போச்சு. எப்பவும் அதே செம்மண் கறைதான். வெள்ளை மணலா இருந்தா உதறினாலே போயிடும். ஒரு நாளாவது அப்படி வரக்கூடாதா?"

அதிகாரி நிதானமாக டீயைக் குடித்து முடித்தார்.

"நாளைக்கு மேட்டுக்குப் போறோம். நீங்க முன்னால நடங்க, நான் பின்னாலயே வரேன்."

மண்ணுக்காரர் தலையாட்டினார். மேட்டுக்கு எந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது.