காறை எலும்பு

"என்னைய எம் மவன் குழியிலேயே போட்டுருங்க தாயி. தனியாக் கெடக்கான்."

கடைசி மாதங்களில் என் மாமியார் இதை அடிக்கடி சொன்னார். எங்களுடையது ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் கிராமம். கல்லறைத் தோட்டம் சிறியது என்பதால், ஒரு குடும்பத்தாரை ஒரே குழியில் அடக்குவது அங்கே வழக்கம்தான். "சரிங்க அத்தை" என்று நானும் தலையாட்டிவிட்டேன். அதற்குப் பழைய குழியைத் தோண்ட வேண்டியிருக்கும் என்பது அப்போது மனதில் படவே இல்லை.

என் கணவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் இறந்தார். நான் பிரசவத்துக்காக ஆவுடையார்கோவில் பக்கத்தில் என் தாய்வீட்டில் இருந்தேன். மகள் பிறந்து தொப்புள்கொடிகூட உதிரவில்லை. எங்கள் ஊரில் வாந்திபேதி பரவியிருந்த சமயம். காலையில் வயலுக்குப் போனவர் அன்று சாயங்காலமே போய்விட்டார். பெட்டிகூடச் செய்யாமல், பாயில் சுற்றிச் சுண்ணாம்பு போட்டு உடனே புதைத்துவிட்டார்கள். மறுநாள்தான் எங்களுக்கு ஆள் வந்தது. "பச்சை ஒடம்புக்காரி, நீ போய் என்னத்தப் பாக்கப்போற?" என்று என் அம்மா விடவில்லை. நான் ஊர் திரும்பியபோது மண்மேட்டில் புல் முளைத்திருந்தது.

அவருடைய முகத்தைக் கடைசியாக நான் பார்க்காததால், பினாங்குக்குக் கப்பலேறிப் போனவர்களைப் போல அவரும் எங்கோ போயிருக்கிறார் என்றே உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு டீச்சர் ட்ரெயினிங் முடித்து, நடுநிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். என் மகளை வளர்த்தது அத்தைதான். எட்டாம் வகுப்புக்கு நான் எடுத்த பாடங்களில் எலும்புக்கூடும் ஒன்று. சுவரில் படத்தை மாட்டிக் கம்பால் தொட்டுச் சொல்வேன். மண்டை ஓடு மூளையைக் காக்கிறது. விலா எலும்புகள் கூண்டு மாதிரி நின்று இதயத்தையும் நுரையீரலையும் காக்கின்றன. தொடை எலும்புதான் உடம்பிலேயே நீளமானது, நம் பாரத்தைச் சுமப்பது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ரத்தம் ஊறுகிறது. "எலும்பே இல்லேன்னா என்ன ஆவோம்?" என்று கேட்பேன். "களிமண்ணு மாதிரிச் சரிஞ்சிருவோம் டீச்சர்" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அத்தை ஒரு விடியற்காலையில் இறந்தார். வெயில் ஏறும் நேரத்தில் கல்லறையிலிருந்து என் கொழுந்தனார் வந்து வாசலில் தயங்கி நின்றார்.

"மதினி, ஒரு வெள்ளைத் துணி வேணும்."

"எதுக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணன… எலும்பக் கட்டி வைக்க."

தகரப் பெட்டியைத் திறந்து, நான் பத்திரமாக வைத்திருந்த என் கணவருடைய வேட்டியை எடுத்தேன். கொழுந்தனார் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "நானே வாரேன்" என்றேன். பெண்கள் அந்த நேரத்தில் அங்கே போவதில்லை. ஆனாலும் யாரும் தடுக்கவில்லை. மகளும் என் பின்னாலேயே வந்துவிட்டாள். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு.

குழியின் ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து எலும்புகளை வைத்திருந்தார்கள். பழுப்பேறி, மண் அப்பியிருந்தன. என் கண் முதலில் தொடை எலும்பில்தான் விழுந்தது. நெடுநெடுவென்று வளர்ந்த ஆள் அவர். விலா எலும்புகள் பொறுக்கிச் சேர்த்த சுள்ளிகள் மாதிரி கிடந்தன. அவை காக்க உள்ளே ஒன்றும் இல்லை.

"டீச்சரம்மா, நீங்க தொடவேணாம், நானே கட்டிர்றேன்" என்றார் குழி வெட்டியவர்.

நான் உட்கார்ந்து வேட்டியை விரித்தேன். ஒவ்வொன்றாக மண்ணைத் துடைத்து எடுத்து வைத்தேன். வகுப்பில் சொல்லும் பெயர்கள் வாய்க்குள் தாமாகவே வந்தன. வேறு யாருடைய எலும்பையோ எடுத்து வைப்பது போலத்தான் இருந்தது, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் இடது காறை எலும்பு கைக்கு வரும்வரை.

அதன் நடுவில் ஒரு முடிச்சு இருந்தது. கல்யாணமான வருடம் கீரனூர் ரோட்டில் சைக்கிளிலிருந்து விழுந்து அதை உடைத்துக்கொண்டார். உடைந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்து தடிப்பாக ஒட்டிக்கொண்டது. படுக்கும்போது என் தலை அந்த முடிச்சின் மேல்தான் சாய்ந்திருக்கும். "மேடாத் தட்டுதா? அங்கிட்டு மாத்திக்க" என்பார். நான் மாற்றிக்கொண்டதே இல்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் எங்கேயும் போகவில்லை. இத்தனை வருடமும் இங்கேதான் இருந்திருக்கிறார்.

"புள்ளைய அங்கிட்டுக் கூட்டிட்டுப் போகவா மதினி?" என்று கொழுந்தனார் கேட்டார்.

"இருக்கட்டும்."

மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, அப்பா இவ்வளவுதானா?"

"இதுதான் அப்பாவ நிக்க வச்சது, நடக்க வச்சது. மத்ததெல்லாம் மண்ணோட போயிருச்சு."

அவள் ஒரு விரலால் தொடை எலும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அதற்காக எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

பிற்பகலில் கோயில் சாமியார் வந்து ஜெபம் சொல்லிக் குழியை மந்திரித்தார். அத்தையின் பெட்டியை இறக்கி, கால்மாட்டில் வேட்டி மூட்டையை வைத்தார்கள். மடியில் வைக்கச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு தோன்றியது. அதற்குள் மண் விழுந்துவிட்டது.

நான் பள்ளிக்கூடம் திரும்பிப் போனேன். அந்த வருடம் எலும்புப் பாடத்தைப் பக்கத்து வகுப்பு டீச்சரை எடுக்கச் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை.

சில நாள் கழித்து, சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள். "அப்பா எப்படிப் பேசுவாங்க? அப்பத்தா பேசிக் காட்டுவாங்களே, நீ பேசிக் காட்டு."

அவர் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுவதைச் சொல்லிக் காட்ட முயன்றேன். என் வாயில் வந்தது அத்தை பேசிக் காட்டும் விதம்தான், இழுப்பும் அத்தையுடையதுதான். என் கணவருடைய குரலைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மகள் அது போதும் என்று சிரித்தாள். அத்தை இறந்த அன்று வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.