சொர்ணம் அத்தையின் முப்பத்தேழாவது நோயாளி

உலகத்திலுள்ள வியாதி அத்தனையும் பெங்களூர் மர்பி டவுன் சொர்ணம் அத்தையைக் கண்டால் எழுந்து நின்று, தன் நம்பரைச் சொல்லிவிட்டுத்தான் உட்காரும். காலரா கையைக் கட்டிக்கொள்ளும். மலேரியா செருப்பை வெளியே விட்டுவிட்டு வரும். தெருவெல்லாம் இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தது அத்தையின் அண்ணன் மகள் இளவேனில். வயது பதினேழு. பத்தாவதில் கணக்குப் பேப்பர் காலை வாரிவிட்டதும், "இனிமே புக்கு பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்" என்று சபதம் போட்டவள்.

அத்தைக்கு நாற்பத்திமூன்று. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் பதினெட்டு வருஷமாக வேலை. அங்கே நோயாளி நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்துத்தான் ஃபைல் அடுக்குவார்கள். அது பழகிப்போய், டெலிபோன் நம்பரைக்கூட அத்தை வாலிலிருந்துதான் படிப்பாள்.

இரண்டாயிரத்து மூன்றில் ரெக்கார்டு ரூமுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே ஒரு நோட்டீசும் வந்தது. மருத்துவத் தகவலியல் டிப்ளமா இருந்தால் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி, இல்லாவிட்டால் சலவைப் பிரிவு. அத்தை தபால் வழியில் சேர்ந்தாள். புத்தகங்கள் பார்சலில் வந்தன; உலகத்து வியாதி, காயம் ஒவ்வொன்றுக்கும் அவற்றில் ஒரு நம்பர். வேலை முடிந்து வந்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே வியாதி நம்பர்களை ஒப்பிப்பாள்.

"இன்னா அத்தே, அழுவுற?"

"வெங்காயம்டி."

"வெங்காயத்துக்கு இன்னா நம்பரு?"

"உன் முதுவுக்கு ஒரு நம்பரு கீது. கிட்ட வா, சொல்றேன்."

கடைசியாக ஒரு ப்ராஜெக்ட். காயம்பட்ட ஐம்பது பேருக்கு ரெக்கார்டு எழுதி நம்பர் போட வேண்டும். ஆஸ்பத்திரி ஃபைலை வெளியே கொண்டுவரக் கூடாது. அதனால் அத்தை தெருக்காரர்களின் பேரைப் போட்டு, ஐம்பது காயங்களைத் தானே உண்டாக்கினாள். பட்டியலில் எதிர்வீட்டு ஓஸ்வால்ட் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்கையை முறித்துக்கொண்டார். பட்டியலை இளவேனிலிடம் கொடுத்து, பிரவுசிங் சென்டரில் டைப் அடித்து வரச் சொன்னாள்.

இளவேனில் ஒழுங்காகத்தான் அடித்தாள். முப்பத்தேழாவது ஆளான ஓஸ்வால்டை மட்டும் ஸ்கூட்டரிலிருந்து இறக்கி, அல்சூர் ஏரியில் ஒரு முதலையிடம் விட்டுவிட்டாள். அத்தையின் புத்தகத்தில் முதலைக்கடிக்கும் ஒரு நம்பர் இருந்ததே, விடலாமா? அத்தை சரிபார்க்கும்போது அலறுவாள், தெரு சிரிக்கும், அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்பது திட்டம்.

வெள்ளிக்கிழமை அத்தை தாள்களை விர்ரென்று புரட்டினாள். அலறவில்லை. "எல்லாம் கரெக்டா கீதுடி" என்று சொல்லி, அப்படியே ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

இளவேனில் பதறினாள். அத்தை நோயாளி நம்பரின் வாலை மட்டும் பார்த்துவிட்டு விட்டிருக்கிறாள்! நாளைக்கு டிப்ளமாவுக்கு வாய்மொழித் தேர்வு. பெங்களூரில் முதலை கடித்ததாக எழுதினால் பாஸா போடுவார்கள்? அத்தை அழுக்குப் பெட்ஷீட் எண்ணப் போய்விடுவாள். சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தாள். அத்தை இருக்கிற ஒரே பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டபடி எதையோ முணுமுணுவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். முதலையைத் தானே எடுத்துவிடுவதென்று முடிவுசெய்து, போய்ப் படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை, அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து முதலைப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினாள். பிரவுசிங் சென்டர் ஷட்டரை உடைக்காத குறை. முழங்கை நம்பர் ஞாபகம் வரவில்லை. பட்டியலோ அத்தையின் பையில். சரியென்று ஓஸ்வால்டின் காலைத் தெருநாய்க்குக் கொடுத்தாள். காயத்துக்கு ஒரு நம்பர், கடித்த நாய்க்கு ஒரு நம்பர். காயம்தான் முதலில் வர வேண்டும், மாற்றிப் போட்டால் மார்க் போச்சு. புதுப் பக்கத்தின் ஓரத்தில் ஓட்டை போட்டு, ஒவ்வொன்றையும் விளிம்புவரை கத்தரித்துச் சுருளில் சொருகியபோது குளியலறையில் சொம்புச் சத்தம் நின்றது.

சாயங்காலம் அத்தை வந்து செருப்பைக் கழற்றினாள்.

"பாஸு."

இளவேனில் துள்ளிக் குதித்தாள்.

"குதிச்சது போதும். என் முதலை எங்கடி?"

"எ... எந்த முதலை?"

"தப்பான எடத்துல சொருவுன ஃபைலைத் தேடியே பதினெட்டு வருஷம் ஓட்டுனவ நான். என் கண்ணுல முதலை தப்புமா? நாந்தான் வுட்டு வெச்சேன். நாய்க்கடி எல்லாரும்தான் எழுதுவாங்க. நேத்து இஸ்திரி போடறப்போ இன்னா ஒப்பிச்சேன்னு நெனச்ச? முதலைக்கு விளக்கம்!"

"ஐயோ அத்தே!"

"அபூர்வமான கேஸ் எதாவது கீதான்னு பரிச்ச வெச்ச மேடம் கேட்டாங்க. முப்பத்தேழத் தொறங்க மேடம், முதலைன்னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன். தொறந்தா நாயி."

இளவேனில் தாவணி முனையை வாயில் திணித்துக்கொண்டாள். "அப்புறம்?"

"மேடம் கண்ணாடியக் கழட்டிட்டு சிரிச்சாங்க. சரி, நாய்க்கே விளக்கம் சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். நம்பரும் கரெக்டு, வரிசையும் கரெக்டுன்னு டிக்கு போட்டாங்க."

அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அது கிடக்கட்டும். காயம் மொதல்ல, நாய் அப்புறம்னு உனக்கு யாருடி சொன்னது?"

"சும்மா... குத்துமதிப்பா போட்டேன்."

"ஓஹோ. என் புக்குல அதச் சொல்ற எட்டாம் பாடத்துல பக்கத்துக்குப் பக்கம் காராபூந்தித் தூள் கீது. கடவாப்பல்லு புடுங்குனதுலேர்ந்து நான் பூந்தி தின்னதே இல்லியே?"